செய்தவர் யார்? ஆப்பிரிக்கச் சுற்றுலாக் கைவினைப்பொருள்களும் பெயர் மறைவும்: ஒரு திறனாய்வு

முன்னுரை

கென்யாவின் நைரோபியிலோ மொம்பாசாவிலோ வாங்கிவந்த மரத்தாலான ஒட்டகச்சிவிங்கி உருவம் ஒன்றின் அடிப்பகுதியைத் திருப்பிப் பார்த்தால், பெரும்பாலும் நாட்டின் பெயரும் விலைச்சீட்டின் எச்சமுமே காணக்கிடைக்கும். அதைச் செய்தவரின் பெயர் இராது. வாங்கியவரும் அதைக் குறையாகக் கருதுவதில்லை. ஆப்பிரிக்கக் கலை கூட்டுக் கலை. அங்குத் தனிக் கலைஞன் என்ற எண்ணமே இல்லை. ஆகவே பெயரின்மை அக்கலையின் இயல்பு என்னும் கருத்து பொதுமக்களிடம் மட்டுமன்றி, பாடநூல்களிலும் அருங்காட்சியகக் குறிப்புகளிலும் நெடுங்காலம் நிலவி வந்துள்ளது.

இக்கட்டுரை அக்கருத்தை மறுக்கிறது. சுற்றுலா நினைவுப்பொருளின் பெயரின்மை மரபின் விளைவன்று. அது பெரிதும் வணிகத்தின் விளைவு என்பதே இதன் மையக் கருத்து. ஆகவே செய்தவரைத் தேடுவோர் 'எந்த இனம்?' என்று கேட்பதைவிட, 'எவர் கைகளின் வழியாக இது வந்தது?' என்று கேட்பதே பொருத்தமாகும். கிழக்கு ஆப்பிரிக்கப் பொருள்களை முதன்மைச் சான்றுகளாகக் கொண்டும், இத்துறையில் வெளிவந்த சில நூல்களின் கருத்துகளை மதிப்பிட்டும் இக்கட்டுரை அமைகிறது.

பெயரின்மை எங்கிருந்து வந்தது?

சாலி பிரைஸ் 1989இல் வெளியிட்ட 'பிரிமிடிவ் ஆர்ட் இன் சிவிலைஸ்டு பிளேசஸ்' என்னும் நூல் இக்கேள்வியை நேரடியாக எழுப்பியது. மேலைநாட்டுச் சேகரிப்பாளர்கள் பிற நாட்டுக் கலைப்பொருள்களுக்குப் பெயரின்மையையும் காலமின்மையையும் தாமே ஏற்றிவைக்கின்றனர் என்பது அவர் வாதம். சிட்னி காஸ்ஃபிர் 1992இல் 'ஆப்பிரிக்கன் ஆர்ட்ஸ்' இதழில் எழுதிய கட்டுரை இதை மேலும் கூர்மையாக்கியது. கலைஞனின் பெயர் அவன் ஊரில் அறியப்பட்டதாகவே இருந்தது. பொருளைச் சேகரித்தவர் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் எழுதவில்லை என்பதே அவ்வாதத்தின் சாரம்.

இதற்கு நைஜீரியாவின் யொரூபா சிற்பி இசே ஊர் ஓலோவே தக்க சான்றாவார். இக்கெரே அரண்மனைக்காக அவர் செதுக்கிய கதவு 1924இல் இலண்டன் வெம்ப்ளியில் நடைபெற்ற பேரரசுக் கண்காட்சியில் வைக்கப்பட்டு, பின்னர் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தை அடைந்தது. பார்த்தோர் கதவைப் போற்றினர். அதைச் செய்தவர் பெயர் அப்போது அவர்களை எட்டவில்லை. ஓலோவே 1938 வரை உயிர் வாழ்ந்தவர். தம் வட்டாரத்தில் அரசர்களால் நாடப்பட்டவர். 1988இல்கூட அவருடைய மனைவியருள் ஒருவர் அவரைப் புகழும் 'ஒரிக்கி'யைப் பாடிக்காட்ட முடிந்தது. பெயர் அங்கே வாழ்ந்துகொண்டுதான் இருந்தது. யொரூபா மரபில் ஒருவர் தம் பெயரை அந்நியரிடம் எளிதில் வெளியிடமாட்டார் என்பதை ரோலண்ட் அபியோடுன் சுட்டிக்காட்டியிருப்பதும் இங்கு நினைக்கத்தக்கது. சொல்லாமல் விட்ட பெயர் வேறு. இல்லாத பெயர் வேறு.

பெயர் கிடைக்காதவிடத்து ஆய்வாளர் மேற்கொண்ட வழி தமிழ் கற்றோர்க்குப் புதியதன்று. பெல்ஜிய அறிஞர் ஃபிரான்ஸ் ஓல்பிரெக்ட்ஸ், காங்கோவில் கிடைத்த சில சிற்பங்களின் முக அமைப்பு ஒத்திருப்பதைக் கண்டு, பொருள் கிடைத்த ஊரின் பெயரால் அவற்றைச் செய்தவரை 'பூலி ஆசான்' என்றழைத்தார். இயற்பெயர் தெரியாத சங்கப் புலவரைச் செம்புலப்பெயல்நீரார் என்றும் ஓரேருழவனார் என்றும் பாடலின் தொடராலேயே பெயரிட்டு வைத்த மரபும் இதனோடு ஒப்பிடத்தக்கது. இரண்டிலும் உள்ள நேர்மை ஒன்றே: பெயர் தெரியவில்லை என்பதற்காகப் படைத்தவரே இல்லை என்று கொள்ளாமை. சுற்றுலாக் கைவினைப்பொருளுக்கு இந்த மரியாதைகூடக் கிடைப்பதில்லை என்பதே கருதத்தக்கது.

நடுவே நிற்கும் வணிகர்

சுற்றுலாக் கலையைத் தாழ்ந்த போலியென ஒதுக்காமல் ஆராயத்தக்க பொருளாக்கிய பெருமை நெல்சன் கிராபர்ன் 1976இல் தொகுத்த 'எத்னிக் அண்ட் டூரிஸ்ட் ஆர்ட்ஸ்' நூலுக்கும், பெனட்டா ஜூல்ஸ்-ரொசெட் 1984இல் வெளியிட்ட 'தி மெசேஜஸ் ஆஃப் டூரிஸ்ட் ஆர்ட்' நூலுக்கும் உரியது. எனினும் பொருள் நகரும் வழியை மிக நுணுக்கமாகக் காட்டியது கிறிஸ்டோபர் ஸ்டைனரின் 'ஆப்பிரிக்கன் ஆர்ட் இன் டிரான்சிட்' (1994) ஆகும். ஐவரி கோஸ்ட் நாட்டின் அபிஜான் நகரச் சந்தைகளில் களப்பணி செய்த அவர், சிற்றூரிலிருந்து பொருளைத் திரட்டுபவர், நகரில் மொத்தமாக வாங்குபவர், கடை வைத்திருப்பவர், விடுதி வாயிலில் விற்பவர் எனப் பல அடுக்குகள் இருப்பதை எடுத்துரைக்கிறார்.

இவ்வடுக்குகளில் ஒவ்வொருவரின் ஆதாயமும், தமக்கு முன்னிருப்பவரைத் தமக்குப் பின்னிருப்பவர் அறியாதிருப்பதைச் சார்ந்திருக்கிறது. செதுக்குபவரின் ஊரும் பெயரும் வாங்குபவருக்குத் தெரிந்துவிட்டால் இடையிலுள்ளவருக்கு இடமில்லை. அத்துடன் சடங்கில் பயன்பட்ட பழைய முகமூடி வேண்டுமென்று தேடிவரும் பயணியிடம், இதைச் சென்ற மாதம் இன்னார் செய்தார் என்று சொல்வதும் வணிகத்துக்கு உகந்ததன்று. புதிய மரத்தைப் பழமையாகத் தோன்றச் செய்யும் பல்வகை உத்திகள் அங்குக் கையாளப்பட்டன. பழமையை விற்கும்போது, உயிரோடிருக்கும் கைவினைஞர் மறைக்கப்பட வேண்டியவராகிறார். ஸ்டைனரின் நூல் இதை உணர வைக்கிறது. ஆயினும் அதன் நோக்கு வணிகரின் மீதே நிலைத்திருப்பதால் செதுக்குவோர் பெரும்பாலும் பின்னணியிலேயே நிற்கின்றனர். மறைவு நிகழும் முறையை விளக்கும் நூல், மறைந்தவரை முன்னே கொண்டுவரும் பணியைப் பிறருக்கு விட்டுவைத்துள்ளது எனலாம்.

வாமுன்யுவும் கம்பா மரச்செதுக்கும்

கென்யாவின் மரச்செதுக்குத் தொழில், 'தொன்றுதொட்ட இனக்கலை' என்னும் எண்ணத்துக்கு நேர்மாறான வரலாறு கொண்டது. மச்சாகோஸ் வட்டாரத்தின் வாமுன்யு என்னும் ஊரைச் சேர்ந்த முத்திசியா முங்கே, முதல் உலகப் போரின்போது டாங்கனிக்காவுக்குச் சென்று, அங்குச் சராமோ இனச் செதுக்குநரிடம் இக்கலையைக் கற்று ஊர் திரும்பினார் என்பது பரவலாக ஏற்கப்பட்ட செய்தி. கம்பா மக்கள் அதற்கு முன்பே முக்காலிகளும் வீட்டுக் கருவிகளும் செய்யத் தெரிந்தவர்களே. ஆனால் விற்பனைக்கான உருவச் செதுக்கு, பெயர் தெரிந்த ஒரு மனிதர், தெரிந்த ஓர் ஊரில், தெரிந்த ஒரு காலத்தில் தொடங்கியது. தோற்றுவித்தவர் பெயர் இவ்வளவு தெளிவாக இருக்கும் கலையையே உலகச் சந்தை 'பெயரற்ற பழங்குடிக் கலை' என்று விற்று வருகிறது.

இன்னொரு மயக்கமும் உண்டு. ஈட்டி ஏந்திய மாசாய் வீரனின் உருவத்தை வாங்குபவர், அதைச் செய்தவர் மாசாய் இனத்தவர் என்றே எண்ணிக்கொள்கிறார். அவ்வுருவங்களைப் பெருமளவில் செதுக்கி வருவோர் கம்பா இனத்தவர். பொருள் காட்டும் மனிதர் வேறு, பொருளைச் செய்த மனிதர் வேறு என்னும் எளிய வேறுபாட்டையே விலைச்சீட்டு அழித்துவிடுகிறது.

செய்தவரைத் தேடுவோருக்கு மரமே முதற்சான்றாகும். முற்காலத்தில் முகுகு மரமும், கருங்காலி எனப் பொதுவாக விற்கப்படும் முபிங்கோ மரமும் மிகுதியாக வெட்டப்பட்டன. இவை மெல்ல வளர்பவை. காடுகள் குறைந்தமையால் வேம்பு, மா, ஜக்கராண்டா ஆகியவற்றைப் பயன்படுத்தும் முயற்சி ஊக்குவிக்கப்பட்டது. இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து சென்ற வேம்பு, நாற்பது நோய் தீர்க்கும் மரம் என்ற கருத்தில் சுவாஹிலியில் 'முவரோபாய்னி' எனப்படுகிறது. முபிங்கோவின் வயிரப்பகுதி நீரில் மூழ்குமளவு கனமானது. கறுப்பாகத் தோன்றும் உருவம் கையில் இலேசாக இருந்து, அடியில் சுரண்டும்போது செம்பழுப்பு நிறம் தெரிந்தால், அது காலணிக்குப் பூசும் கறுப்பு மெழுகு ஏற்றப்பட்ட வேறு மரம் என அறியலாம். இதை ஏமாற்று என்று மட்டும் கொள்வது போதாது. கருங்காலியே 'உண்மையான ஆப்பிரிக்கா' என்னும் வாங்குபவரின் வேட்கையும், அம்மரம் அருகிப்போன உண்மையும் ஒரே பொருளில் சந்திக்கும் இடம் அது.

இரண்டாவது சான்று உழைப்புப் பகிர்வு. வாய்ச்சியால் உருவத்தை வெட்டி எடுப்பவர் ஒருவர். உப்புத்தாள் கொண்டு தேய்த்து மெருகேற்றுவோர் பெரும்பாலும் வீட்டுப் பெண்களும் இளையோரும். கிசி வட்டாரத்துத் தபாகா ஊரின் மாக்கல் தொழிலிலும் இந்நிலையே. ஆண்கள் கல்லை வெட்டி எடுத்துச் செதுக்க, பெண்கள் அதை நீரில் நனைத்துத் தேய்த்து வழுவழுப்பாக்குகின்றனர். வாங்குபவர் விரல் முதலில் உணரும் வழுவழுப்பு அப்பெண்களின் உழைப்பு. செதுக்கியவர் பெயரை மட்டும் எழுதிவிட்டால் பெயர் மறைவு நீங்கிவிடாது. அது ஆண்களிடமிருந்து பெண்களுக்கு நகரும், அவ்வளவே.

மூன்றாவது சான்று கூட்டுறவு. மொம்பாசாவின் சாங்காம்வேயில் 1963இல் தோன்றிய அக்கம்பா கைவினைக் கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் எண் உண்டு. விற்பனைக்கு வைக்கும் பொருளில் அவ்வெண் குறிக்கப்படும். சங்கம் தனக்குரிய பங்கைக் கழித்துக்கொண்டு எஞ்சியதை அவ்வெண்ணுக்குரியவரிடம் சேர்ப்பிக்கும். கலை வரலாறு கேட்கும் கையொப்பம் அன்று இது. கூலி சேரவேண்டியவரைச் சென்றடைவதற்கான கணக்குக் குறி. ஆயினும் செய்தவரை உறுதியாக அடையாளம் காட்டுவதில் பல கையொப்பங்களைவிட இவ்வெண் நம்பத்தக்கது. வீட்டுக்கு வந்ததும் அதைச் சுரண்டி எடுத்துவிடும் பயணி, பொருளின் பிறப்புச் சான்றையே அழித்துவிடுகிறார்.

பெயரே பண்டமாகும்போது

பெயரை எழுதிவிட்டால் சிக்கல் தீருமா? தான்சானியாவின் எட்வர்ட் சைதி திங்காதிங்காவின் வரலாறு எதிர்ப்பக்கத்தைக் காட்டுகிறது. 1968 அளவில் தார் எஸ் சலாமில் மேசனைட் பலகையின் மீது மிதிவண்டிக்குப் பூசும் எனாமல் வண்ணத்தால் விலங்குகளையும் பறவைகளையும் தீட்டத் தொடங்கிய அவர், 1972இல் காவலர்கள் தவறுதலாகச் சுட்டதில் உயிரிழந்தார். உறவினரும் மாணவரும் அப்பாணியைத் தொடர, பின்னர் கூட்டுறவுச் சங்கமும் உருவாயிற்று. இன்று 'திங்காதிங்கா' என்பது ஒரு மனிதரின் பெயராக அன்றி ஓவிய வகையின் பெயராகவே அறியப்படுகிறது. அவர் பெயரொப்பமிட்ட போலிகளும் உலவுகின்றன. அவ்வகையில் தீட்டும் இன்றைய ஓவியர் தம் பெயரைத் தெளிவாக எழுதினாலும், வாங்குபவர் நினைவில் நிற்பது முன்னோடியின் பெயரே. இங்கு ஒருவர் பெயர், பலர் பெயரை மறைக்கிறது.

மக்கோண்டே சிற்பங்களின் வரலாறு மற்றொரு கோணத்தைத் தருகிறது. மொசாம்பிக்கிலிருந்து கற்றாழை நார்த் தோட்டங்களில் வேலைதேடி டாங்கனிக்காவுக்கு வந்தோருள் பலர் செதுக்குத் தொழிலில் ஈடுபட்டனர். 'ஷெத்தானி' எனப்படும் ஆவியுருவப் பாணியைத் தோற்றுவித்தவராகச் சமாக்கி லிக்கன்கோவா குறிப்பிடப்படுகிறார். அவ்வுருவங்களுக்குச் சந்தை தேடித் தந்தவர் தார் எஸ் சலாமில் கடை நடத்திய இந்திய வம்சாவளி வணிகர் முகம்மது பீரா. வணிகர் எப்போதும் மறைப்பவரே என்று கூறிவிட முடியாது என்பதற்கு இது சான்று. ஆனால் பாணியை வணிகரின் படைப்பாகவே கொள்வதும் பிழையாகும். சக்கரி கிங்டன் 2002இல் வெளியிட்ட 'எ ஹோஸ்ட் ஆஃப் டெவில்ஸ்' நூல், செதுக்குவோரின் கூற்றுகளுக்கும் அவர்தம் சிந்தனைக்கும் முதன்மை தந்து இப்பிழையைத் திருத்துகிறது. ஸ்டைனர் விட்டுவைத்த பணியின் ஒரு பகுதி இங்கு நிறைவேறியுள்ளது.

அண்மைக் காலத்தில் செய்தவரின் பெயரையும் ஒளிப்படத்தையும் இணைத்து விற்கும் முறை பரவியுள்ளது. கேப் டவுனில் 2000ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மங்கிபிஸ், தன் மணிவேலைப் பொம்மைகளில் செய்தவர் பெயரைப் பொறிப்பதை வழக்கமாகக் கொண்டது. இது வரவேற்கத்தக்க மாற்றமே. எனினும் பெயர்ச்சீட்டைப் படிப்போர் கேட்கவேண்டிய கேள்வி உண்டு: அப்பெயர் செய்தவருக்குக் கூடுதல் விலையையும் மீண்டும் அழைக்கப்படும் வாய்ப்பையும் பெற்றுத் தருகிறதா, அல்லது வாங்குபவரின் மனநிறைவுக்காக மட்டும் ஒட்டப்பட்டதா? புன்னகைக்கும் முகத்தின் படம் கூலிக்கணக்குக்கு ஈடாகாது. பெயரில்லாத சாங்காம்வே எண் செய்யும் நீதியைப் பெயருள்ள சீட்டு செய்யாமலும் போகலாம்.

முடிவுரை

மேற்கண்டவற்றால் மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவது, ஆப்பிரிக்கச் சுற்றுலாக் கைவினைப்பொருளின் பெயரின்மை இயற்கையானதன்று. கேளாமையாலும் வணிக அடுக்குகளாலும் உண்டானது. இரண்டாவது, தேடலின் முடிவில் கிடைப்பவர் பெரும்பாலும் தனியொருவர் அல்லர். மரம் வெட்டியவர், செதுக்கியவர், மெருகேற்றியவர் எனப் பலர். 'பலர் செய்தது' என்பது 'யாரும் செய்யாதது' என்று பொருள்படாது. மூன்றாவது, பெயரைப் பொறிப்பது தேடலின் முடிவன்று. அப்பெயருக்குரியவரை விலையில் எவ்வளவு சென்றடைகிறது என்பதும் அத்தேடலில் அடங்கும்.

பண்பாட்டுப் பொருள்களை வகுப்பறைக்குக் கொண்டுவரும் ஆசிரியருக்கும் குறிப்பெழுதும் ஆய்வாளருக்கும் இதனால் ஒரு நடைமுறைக் கடமை ஏற்படுகிறது. 'ஆப்பிரிக்க முகமூடி' என்று எழுதி நிறுத்தாமல் வாங்கிய ஊர், ஆண்டு, விற்றவர் சொன்ன செய்தி, மரம் அல்லது கல்லின் வகை, அடிப்பகுதியிலுள்ள எண் ஆகியவற்றை அன்றே பதிவு செய்தல் வேண்டும். பெயர் கிடைக்காத நிலையில் 'செய்தவர் அறியப்படாதவர்' என்பதைவிடச் 'செய்தவர் பெயர் பதிவு செய்யப்படவில்லை' என்று எழுதுவதே உண்மையாகும். முன்னது குறையைக் கைவினைஞர்மேல் சுமத்துகிறது. பின்னது அதைப் பதிவு செய்யத் தவறியவரிடமே சேர்க்கிறது.