பங்கிடுகிற கை யாருடையது?

அரசாங்கத்துக்கு வியாபாரம் எதுக்கு? இந்தக் கேள்வியை இப்போது எல்லாரும் கேட்கிறார்கள். பத்திரிகைகளின் நடுப்பக்கக் கட்டுரையாளர்கள் கேட்கிறார்கள். 2021 பிப்ரவரியில் பிரதமர் மோடியும் வியாபாரம் செய்வது அரசின் வேலையல்ல என்று பேசினார். என்னோடு படித்த நண்பன்கூட டீக்கடையில், 'கவர்மெண்ட்டு கையில இருந்தா எதுவும் உருப்படாதுப்பா' என்கிறான். நான் பொருளாதாரம் படித்தவன் இல்லை, தமிழ் எம்.ஏ. ஒரு வாக்கியத்தைப் பிரித்துப் படிப்பதுதான் எனக்குத் தெரிந்த வேலை. இதையும் அப்படியே படித்துப் பார்க்கிறேன்.

இறைமாட்சி அதிகாரத்தில் வள்ளுவர் அரசுக்கு நான்கு வேலை சொல்கிறார். பொருள் வரும் வழியை உண்டாக்குவது, வந்ததைச் சேர்ப்பது, சேர்த்ததைக் காப்பது, காத்ததைப் பங்கிடுவது. யாருக்குப் பங்கு என்பது குறளில் இல்லை. உரைக்கு வந்தால்தான் சங்கதி தெரியும். அறத்தின் பொருட்டுக் கொடுப்பதற்குப் பரிமேலழகர் ஒரு வரிசை போடுகிறார்: முதலில் கடவுளர், அடுத்து அந்தணர், அப்புறம்தான் வறியோர். இதை எங்களுக்கு நடத்திய ஆசிரியர் அந்த வரிசையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த எனக்கு அது உறைத்தது. அரசு யாருக்கு என்ன செய்ய வேண்டும் என்பது மூலத்தில் முடிவாகவில்லை, உரைகாரர் கையில் இருக்கிறது.

இன்றைய உரைகாரர்கள் 'அரசு விலகட்டும்' என்கிறார்கள். எப்போதிலிருந்து இப்படிச் சொல்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். 1990 ஆகஸ்டில் வி.பி.சிங் மண்டல் பரிந்துரையை அமல்படுத்துவதாக அறிவித்தார். 1991 ஜூலையில் நரசிம்மராவ் அரசு புதிய தொழிற்கொள்கையைக் கொண்டுவந்தது. 1992 நவம்பரில் உச்ச நீதிமன்றம் மண்டல் இடஒதுக்கீடு செல்லும் என்றது. பிற்படுத்தப்பட்டோருக்கு மத்திய அரசு வேலையின் கதவு திறக்கிற நேரத்தில் கட்டடத்தை விற்கப் பத்திரம் தயாராகிவிட்டது. நமக்கு அந்தக் கதவு முன்பே திறந்ததுதான். ரயில்வே, வங்கி, நெய்வேலி, பெல் என்று ஒரு தலைமுறை உள்ளே போய் மூச்சு விட்டது. அடுத்த தலைமுறை வாசலுக்கு வந்தபோது போர்டு மாறியிருந்தது.

விஎஸ்என்எல் 2002இல் டாடாவுக்குப் போனது. ஏர் இந்தியா 2022 ஜனவரியில் போனது. புதிய முதலாளிக்கு இடஒதுக்கீடு கட்டாயமில்லை. விற்காமல் வைத்திருக்கிற நிறுவனங்களின் கதையும் இதுதான். மத்தியப் பொதுத்துறை நிறுவனங்களில் 2013இல் ஏறக்குறைய 17.3 லட்சம் பேர் வேலை செய்தார்கள். 2022இல் 14.6 லட்சம் பேர். அதற்குள் ஒப்பந்தத் தொழிலாளர்களின் பங்கு சுமார் 17 விழுக்காட்டிலிருந்து 36க்கு ஏறிவிட்டது. ஒப்பந்தக்காரன் எந்த ரோஸ்டரைப் பார்த்து ஆள் எடுக்கிறான்?

எங்கம்மா ஒரு நகராட்சியில் தெருக் கூட்டுச்சு. தினக்கூலிதான். என்றைக்காவது நிரந்தரம் ஆகும் என்ற நம்பிக்கையில் வருஷங்கள் போயின. ஒருநாள் மேஸ்திரி வந்து, 'நாளையிலேர்ந்து நீங்கள்லாம் கம்பெனி ஆளு' என்றார். அதே தெரு, அதே துடைப்பம். சட்டையின் கலர் மாறியது, கூலி குறைந்தது. கையுறை கேட்டால் நகராட்சி கம்பெனியைக் கைகாட்டியது, கம்பெனி நகராட்சியைக் கைகாட்டியது. 'முன்ன சண்டை போடுறதுக்காவது ஒரு ஆபீஸ் இருந்துச்சுடா. இப்ப எங்க போயி நிக்கிறது?' என்று அம்மா கேட்டுச்சு. தனியார்மயம் என்ற சொல்லுக்கு எனக்குக் கிடைத்த உரை இதுதான்.

சென்னை மாநகராட்சி 2000இலேயே மூன்று மண்டலக் குப்பையை ஓனிக்ஸ் கம்பெனியிடம் கொடுத்தது. அதற்குப் பின் கம்பெனிகளும் ஆட்சிகளும் மாறின, கொள்கை மாறவில்லை. 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களையும் தனியாரிடம் கொடுப்பதை எதிர்த்துத் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை முன்னால் உட்கார்ந்தார்கள். பெரும்பாலோர் தலித் பெண்கள். மாதம் 22 ஆயிரத்துக்கு மேல் வாங்குகிறோம், கம்பெனிக்குப் போனால் 16 ஆயிரம்தான் என்றார்கள். பதின்மூன்றாம் நாள் நள்ளிரவில் போலீஸ் வந்து அப்புறப்படுத்தியது. அப்போது ஆண்டது சமூகநீதி பேசுகிற கட்சி.

சரி, அரசுக்கு வியாபாரம் தெரியாதா? டாஸ்மாக்கைப் பாருங்கள். 1983இல் மதுவின் மொத்த விற்பனைக்காகத் தொடங்கிய கம்பெனி. 2003 நவம்பரில் சில்லறை விற்பனையையும் அரசு தனியாரிடமிருந்து எடுத்துக்கொண்டது. 2025இல் ஏறக்குறைய 4,800 கடைகள் இருந்தன. 2023-24இல் வந்த வருமானம் ரூ.45,000 கோடிக்கு மேல். இதை யாரும் உருப்படாத நிர்வாகம் என்று சொல்வதில்லை. சாராயம் விற்பது அரசின் வேலை, குப்பை அள்ளுவது கம்பெனியின் வேலை! சேரிக்காரன் கூலியை வாங்குகிற கல்லாவில் அரசு உட்கார்ந்திருக்கிறது. அவனுக்குக் கூலி கொடுக்க வேண்டிய இடத்தில் மட்டும் 'எனக்கெதுக்கு இந்த வியாபாரம்' என்கிறது. எதை வைத்துக்கொள்கிறது, எதைக் கைகழுவுகிறது என்பதில்தான் ஓர் அரசின் சாதி தெரிகிறது.

இதைச் சொன்னால் இடதுசாரித் தோழர்கள் சிலர், 'அதனால்தான் பொதுத்துறையைக் காப்போம்' என்பார்கள். காப்போம், மறுக்கவில்லை. ஆனால் பொதுத்துறையிலும் துடைப்பம் யார் கையில் இருந்தது? நிரந்தர வேலையாக இருந்தபோதும் மலக்குழிக்குள் இறங்கியவர்கள் யார்? அரசுடைமை ஆனதும் சாதி தானாக விலகிவிடவில்லை.

இதை அம்பேத்கர் 1947இலேயே பார்த்துவிட்டார். பட்டியல் சாதியினர் கூட்டமைப்பின் சார்பில் எழுதிய 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' என்ற மனுவில், அடிப்படைத் தொழில்கள் அரசுடைமையாக வேண்டும், இன்சூரன்ஸ் அரசின் ஏகபோகமாக வேண்டும், விவசாயம் அரசுத் தொழிலாக வேண்டும் என்றார். நிலத்தை அரசு எடுத்து, சாதி மதம் பாராமல் ஊராருக்குக் குத்தகைக்கு விட வேண்டும் என்றார். இதை வெறும் அரசுடைமைக் கோரிக்கையாகப் படித்தால் பாதிதான் படித்ததாகும். எந்தப் பெரும்பான்மையும் பிறகு மாற்ற முடியாதபடி இதை அரசியல் சட்டத்துக்குள்ளேயே எழுத வேண்டும் என்பது மறுபாதி. முதலாளியை எவ்வளவு நம்பவில்லையோ, அவ்வளவு அவர் பெரும்பான்மையின் அரசையும் நம்பவில்லை. அவர் கேட்டது அப்படியே நடக்கவில்லை. செல்வம் பொது நன்மைக்குப் பங்கிடப்பட வேண்டும் என்று 39ஆம் பிரிவு சொல்கிறது. வழிகாட்டு நெறி என்பதால் அதை வைத்து நீதிமன்றத்தில் நியாயம் வாங்க முடியாது. பங்கிடும் வேலை மறுபடி உரைகாரர் கைக்கே போய்விட்டது.

நம் எழுத்தாளர்களிடமும் எனக்கு ஒரு குறை உண்டு. பண்ணையாரை எழுதினோம், போலீசை எழுதினோம். மஸ்டர் நோட்டோடு வருகிற சூப்பர்வைசரும் முகம் காட்டாத ஒப்பந்தக்காரரும் நம் கதைகளுக்குள் அதிகம் வரவில்லை. இன்றைக்கு நம் ஜனங்களின் கூலியை நிர்ணயிப்பவர்கள் அவர்கள்தான். அரசுப் பணத்தில் நடக்கிற ஒப்பந்த வேலைக்கும், அரசு நிலமும் சலுகையும் வாங்குகிற கம்பெனிக்கும் இடஒதுக்கீடு வேண்டும். தூய்மைப் பணி நிரந்தரமாக வேண்டும், அது ஒரு சாதியின் வேலையாக இருக்கவும் கூடாது. இந்தக் கோரிக்கைகளை இயக்கங்கள் பேசட்டும். அம்மா கேட்டது போல, எந்த ஆபீஸில் போய் நிற்பது என்று தெரியாத ஜனங்களின் கதையை நாம் எழுதுவோம்.