மயிரிழை எழுத்து

அலுமினியத் தகட்டில் சின்ன சிஎன்சி ரவுட்டர் பொறித்த பெயரை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கப் பிடிக்கும். ஆழத்தின் குறை அகலத்தில்தான் தெரியும். 90 டிகிரி வி-வடிவ வெட்டுமுனையில் (வி-பிட்) ஆழம் 0.1 மில்லிமீட்டர் மாறினால் கோட்டின் அகலம் 0.2 மாறும். ‘முருகன்’ என்பதில் ‘ரு’ தடித்து, ‘ன்’ மயிரிழையாக நிற்பது அதனால்தான். உடனே மென்பொருளைத் திட்டுவார்கள், பாவம். பெரும்பாலும் தகடுதான் நடுவில் உப்பியிருக்கும். அடிப்பலகையை அதே இயந்திரத்தால் சீவிச் சமன்செய்து, தகட்டை இரட்டைப்பக்க டேப்பால் முழுக்க ஒட்டினால் பாதி வழக்கு முடிந்தது. பல இடங்களில் தொட்டு உயரம் அளந்து, முனை செல்லும் பாதையைத் திருத்தும் வழியும் உண்டு. எனக்கென்னவோ ஸ்பிரிங் வைத்த முனைதான் அழகு: மேடுபள்ளத்துக்கேற்பத் தானே ஏறி இறங்கும். வெட்டும் பிட்டில் அலுமினியம் அப்பிக்கொண்டு கோடு பிசிறினால், ஒரு சொட்டு மண்ணெண்ணெய் போதும்.