14 போல்ட் போட்டால் போதுமா? டீசல் பிக்கப்பின் பின் ஆக்சில் குறித்து

அமெரிக்காவில் பழைய பெட்ரோல் பிக்கப்பை டீசலுக்கு மாற்றுவது ஒரு தனி உலகம். அதில் பின் ஆக்சில் பற்றி எழுதப்படுவதைக் கொஞ்ச நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். பெரும்பாலும் ஒரே பதில்தான் வருகிறது. டீசல் என்றால் ஜிஎம் கம்பெனியின் 14 போல்ட் ஆக்சிலைப் போடு, அப்புறம் அதை மறந்துவிடு. இந்தப் பதில் தப்பு என்று சொல்ல வரவில்லை. கேள்வியைச் சரியாகக் கேட்காமலே பதில் சொல்கிறார்கள் என்பதுதான் என் குறை.

அந்தப் பதிலுக்குப் பின்னால் இருக்கும் அளவுகோல் கிரவுன் வீலின் விட்டம். (அமெரிக்கர்கள் ரிங் கியர் என்பார்கள், நம்மூர் மெக்கானிக்குக்கு அது கிரவுன் வீல்தான்.) ஜிஎம் 10 போல்ட் 8.5 அங்குலம், டானா 60 என்றால் 9.75, டானா 70, 14 போல்ட் இரண்டும் 10.5. பெரியது பலமானது, வரிசை முடிந்தது. ஆனால் கடைசி இரண்டும் ஒரே விட்டம் என்றாலும் உள்ளே ஒன்றில்லை. 14 போல்ட்டில் பினியனின் முன்முனையையும் ஒரு பேரிங் பிடித்திருக்கிறது, பளு ஏறும்போது பினியன் கிரவுன் வீலை விட்டு விலகுவது குறைவு. டானா 70-ல் அந்த முனை அந்தரத்தில் நிற்கிறது. விட்டத்தை மட்டும் பார்ப்பவருக்கு இது கண்ணில் படாது.

சரி, ஒரு நிஜ ஜோடியை எடுத்துக்கொள்வோம். 1980களின் செவர்லே அரை டன் பிக்கப், அதில் கம்மின்ஸ் 4பிடி எஞ்சின். 3.9 லிட்டர், 4 சிலிண்டர், டெலிவரி வேன்களில் ஓடித் தேய்ந்து அங்கிருந்து கழற்றப்பட்டு வருவது. 105 குதிரைத் திறன், முறுக்குவிசை சுமார் 360 நியூட்டன் மீட்டர். டீசல் முறுக்கு ஆக்சிலைப் பிய்த்துவிடும் என்று பயமுறுத்துகிறார்களே, அதே வண்டியில் கம்பெனியே போட்ட 5.7 லிட்டர் வி8 பெட்ரோல் எஞ்சினின் முறுக்குவிசையும் கிட்டத்தட்ட அவ்வளவுதான்!

அதோடு ஆக்சிலுக்கு எவ்வளவு முறுக்கு போகும் என்பதை எஞ்சின் மட்டும் முடிவு செய்வதில்லை. என்வி4500 கியர் பாக்ஸின் முதல் கியர் 5.61, ஆக்சில் 3.73 என்றால் கணக்குப்படி 360 என்பது 7,500 நியூட்டன் மீட்டராகப் பெருகும். ஆனால் காலி வண்டியில் பின் ஆக்சில் மேல் 700 கிலோ, டயரின் பிடிப்பு 0.8, டயரின் ஆரம் 0.38 மீட்டர் என்று வைத்தால் தரை தாங்குவது 2,100 நியூட்டன் மீட்டர்தான். அதைத் தாண்டினால் டயர் வழுக்கும். பாரம் ஏற்றி ஆக்சில் மேல் மொத்தம் 1,500 கிலோ ஆனால் 4,500. அதாவது ஆக்சிலை உடைப்பது எஞ்சினை விட நீங்கள் ஏற்றும் பாரமும், மாட்டும் டயரின் உயரமும். ஆக்சில் பலம் பற்றிய விவாதத்தில் முதலில் கேட்க வேண்டியது இதுதான், யாரும் கேட்பதில்லை. (பாறையில் ஏற்றி விளையாடுபவர்கள் கணக்கு வேறு. சுழலும் டயர் திடீரென்று கவ்வும்போது விழும் அடிக்கு இந்தச் சூத்திரம் போதாது.)

இப்போது பல் விகிதத்துக்கு வருவோம். என்னைப் பொறுத்தவரை மொத்த விஷயமும் இங்கேதான் இருக்கிறது. பெட்ரோல் வி8 4,000 ஆர்பிஎம்மில் சிரித்துக்கொண்டே ஓடும். 4பிடிக்கு 2,500 பக்கத்திலேயே மூச்சு வாங்கும். 31 அங்குல டயரில் 100 கிலோமீட்டர் வேகத்துக்குச் சக்கரம் நிமிடத்துக்குச் சுமார் 690 சுற்று சுற்ற வேண்டும். ஓவர்டிரைவ் இல்லாத 3 கியர் ஆட்டோமேட்டிக்கோடு 4.10 ஆக்சிலைப் போட்டால் எஞ்சின் 2,800க்கு மேல் கத்தும். ஹைவேயில் அந்த வண்டி லாரிக்கெல்லாம் வழி விட்டு ஓரமாகத்தான் போகணும். அதே இடத்தில் 3.08 இருந்தால் 2,130, நிம்மதி. ஓவர்டிரைவ் 0.73 உள்ள என்வி4500 என்றால் கதை தலைகீழ். 3.08 எஞ்சினை 1,550க்கு இழுத்துத் திணற வைக்கும், 3.73 போட்டால் 1,880. ஆக, கியர் பாக்ஸ் முடிவாகாமல் ஆக்சில் வாங்குவது காலை அளக்காமல் செருப்பு வாங்குகிற மாதிரி.

டாட்ஜ் கம்பெனி இதைப் புரிந்து வைத்திருந்தது. 1989-ல் ராம் பிக்கப்பில் 5.9 லிட்டர் கம்மின்ஸைப் போட்டபோது அதன் ஆட்டோமேட்டிக்கில் 3 கியர்தான், ஓவர்டிரைவ் கிடையாது. டானா 70-ஐ 3.07 பல்லோடு கொடுத்தார்கள்.

பழைய வண்டி உடைக்கும் யார்டில் 14 போல்ட் பெரும்பாலும் 3.73, 4.10, 4.56 ஆகிய விகிதங்களில்தான் கிடைக்கும், அது பாரம் இழுக்கும் வண்டிக்குச் செய்த ஆக்சில். பலவீனமானது என்று கழித்துக் கட்டும் 10 போல்ட்டோ 2.73, 3.08 விகிதங்களில் வந்தது. டீசலுக்கு வேண்டிய பல், வேண்டாம் என்று தூக்கிப் போட்டதில் இருக்கிறது.

14 போல்ட்டுக்கு நியாயமான வாதம் ஒன்று உண்டு, அது விட்டம் பற்றியது அல்ல. 10 போல்ட்டில் ஆக்சில் ஷாஃப்ட்டே வண்டியின் எடையையும் தாங்குகிறது. ஷாஃப்ட்டைப் பிடித்திருப்பது உள்ளே ஒரு சின்ன சி கிளிப். ஷாஃப்ட் உடைந்தால் சக்கரத்தோடு வெளியே நழுவலாம். 10.5 அங்குல 14 போல்ட் ஃபுல் ஃப்ளோட்டிங் வகை. எடையை ஹப்பின் இரண்டு பேரிங் சுமக்கும், ஷாஃப்ட்டுக்கு முறுக்குவது மட்டும்தான் வேலை. ஷாஃப்ட் முறிந்தாலும் சக்கரம் இடத்தில் நிற்கும். பின்னால் டிரெய்லரும் வண்டிக்குள் குடும்பமும் இருக்கும்போது இது சின்ன வித்தியாசம் இல்லை.

விலையும் உண்டு. ஆக்சில் மட்டும் 200 கிலோவுக்கு மேல், அத்தனையும் ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் எடை. காலி வண்டி மேட்டில் துள்ளும். 8 நட்டு சக்கரம் வேண்டும். முன்னால் 6 நட்டு என்றால் ஸ்டெப்னி இரண்டு சுமக்கணும். நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி என்றால் முன் ஆக்சிலின் பல்லையும் அதே விகிதத்துக்கு மாற்றியாகணும். மறந்துவிடு என்பவர்கள் இந்தச் செலவைச் சொல்வதே இல்லை.

என் கணிப்பு இது. 3 கியர் ஆட்டோமேட்டிக், அரை டன் பாரத்துக்குள், சாதாரண டயர் என்றால் நல்ல நிலையில் இருக்கும் 3.08 பல் 10 போல்ட்டை அப்படியே விட்டுவிடுவேன். ஓவர்டிரைவ் கியர் பாக்ஸ், டிரெய்லர் என்றால் 3.73 பல் 14 போல்ட். 4.10 மலிவாகக் கிடைத்தது என்பதற்காக அதை வாங்குபவர், டீசல் மிச்சம் பிடிக்கப் போட்ட எஞ்சினை ஹைவேயில் உச்சக் குரலில் ஓட்டிக்கொண்டிருப்பார்.