வாழ்ந்த இல்லமும் வழங்கும் கதையும்: வடலூர் வட்டார வள்ளலார் நினைவிடங்களின் பாதுகாப்பும் பொதுக்கல்வியும் – ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

கடலூர் மாவட்டம் குறிஞ்சிப்பாடி வட்டாரத்தில் இராமலிங்க வள்ளலார் வாழ்ந்த கருங்குழி இல்லம், வடலூர்ச் சத்திய தருமச்சாலை, சத்திய ஞானசபை, மேட்டுக்குப்பம் சித்திவளாகம் ஆகிய நான்கும் இன்றளவும் மக்கள் வந்து செல்லும் நினைவிடங்களாக உள்ளன. இவற்றைப் பாதுகாத்தல் என்பது சுவரையும் கூரையையும் பாதுகாத்தல் மட்டுமன்று; அவ்விடங்களுக்குரிய நடைமுறையையும் அவற்றைப் பற்றிய ஆவணத்தையும் பாதுகாத்தலாகும் என இக்கட்டுரை வாதிடுகிறது. அற்புதக் கதையை மட்டும் முன்னிறுத்தும் விளக்கமுறை, இல்லத்தில் உழைத்தோரையும் அங்கு நிகழ்ந்த அறிவுப் பணியையும் மறைத்துவிடுகிறது என்பது இதன் மையக் கருத்து.

திறவுச்சொற்கள்: வள்ளலார், கருங்குழி, தருமச்சாலை, சித்திவளாகம், பெருவெளி, நினைவில்லம், மரபுப் பாதுகாப்பு

முன்னுரை

குறிஞ்சிப்பாடி வட்டாரத்தில் பழைய வீடு ஒன்று நிலைத்திருப்பது இயல்பாக நிகழ்வதன்று. 1956இல் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பெற்றபின் சுரங்கத்திற்காக நிலம் எடுக்கப்பட, பல ஊர்கள் இருந்த இடம் தெரியாமல் பெயர்ந்தன. வீட்டோடு சேர்ந்து ஊர்ப்பெயரும் குளமும் குலதெய்வக் கோயிலும் இடம் மாறிய வரலாறு இவ்வட்டாரத்துக்கு உண்டு. அத்தகைய நிலத்தில், சுரங்கத்திற்கு அண்மையிலேயே, பத்தொன்பதாம் நூற்றாண்டுத் துறவி ஒருவர் வாழ்ந்த இடங்கள் நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாக நிலைபெற்றுள்ளமை ஆய்வுக்குரியது.

தமிழகத்தில் அறிஞர் இல்லங்களின் நிலை ஒருபடித்தானதன்று. திருவல்லிக்கேணியில் பாரதியார் வாழ்ந்த வீட்டை 1993இல் தமிழக அரசு பெற்று நினைவில்லமாக்கியது. அதே திருவல்லிக்கேணியில் உ.வே. சாமிநாதையர் வாழ்ந்த தியாகராச விலாசம் 2012இல் இடிக்கப்பட்டது. ஒன்று நின்றது, மற்றொன்று வீழ்ந்தது. ஆயினும் நின்ற வீடு எதனைக் கற்பிக்கிறது என்னும் வினாவைத் தமிழாய்வுலகம் அரிதாகவே எழுப்பியுள்ளது. வள்ளலார் நினைவிடங்களை முன்வைத்து அவ்வினாவை எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பண்ணை வீடுகள் தரும் ஒப்பீடு

நினைவில்லம் எதனைச் சொல்கிறது, எதனை விடுகிறது என்னும் விவாதம் அமெரிக்கப் பண்ணை வீடுகளைச் சார்ந்து விரிவாக நடந்துள்ளது. சார்ச் வாசிங்டனின் மவுண்ட் வெர்னான் பண்ணை வீட்டை மகளிர் சங்கம் ஒன்று 1858இல் விலைபேசி வாங்கிக் காத்தது. அந்நாட்டு மரபுப் பாதுகாப்பின் முன்னோடி முயற்சியாக அது போற்றப்படுகிறது. ஆனால் 1799இல், வாசிங்டன் மறைந்த ஆண்டில், அப்பண்ணையில் 317 அடிமைகள் இருந்தனர் என்பதைப் பார்வையாளர் அறிய நெடுங்காலம் ஆயிற்று. தூணும் தோட்டமும் காக்கப்பட்டன. உழைத்தவர் கதை பின்னுக்குத் தள்ளப்பட்டது. 2014இல் லூசியானாவில் திறக்கப்பெற்ற விட்னி பண்ணை அருங்காட்சியகம் இம்முறையைத் தலைகீழாக்கி, அடிமைகளின் வாழ்வையே மையமாக்கியது. இலங்கை மலையகத்திலும் சமூக அபிவிருத்தி நிறுவகம் 2007இல் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகத்தைத் துரை பங்களாவில் அமைக்காமல் பழைய லயன் அறைகளிலேயே அமைத்தது. இடத்தைத் தேர்ந்தமையே அங்கு முதற் பாடமாக அமைந்தது.

கருங்குழி இல்லத்தை அடிமைப் பண்ணையோடு நிகர்ப்படுத்துவது இவ்வொப்பீட்டின் கருத்தன்று. பெருமைக்குரிய ஒருவரின் பெயரால் காக்கப்படும் எந்த இல்லமும், அவ்வில்லத்தை நடத்தியோரை மறைத்துவிடக்கூடும் என்னும் பொது உண்மையே இங்குக் கொள்ளத்தக்கது. மவுண்ட் வெர்னான் விலைபேசப்பட்ட அதே 1858ஆம் ஆண்டில்தான் இராமலிங்கர் சென்னை வாழ்வை நீங்கிக் கருங்குழியைத் தம் உறைவிடமாகக் கொண்டார் என்பது தற்செயலான ஒற்றுமையே. எனினும் எண்ணிப்பார்க்கத் தூண்டுவது.

கருங்குழி: விளக்கும் கலயமும்

கருங்குழியில் வள்ளலார் தங்கியது மணியக்காரர் வேங்கட ரெட்டியாரின் இல்லத்தில். 1858 முதல் 1867 வரை ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் அங்கு வாழ்ந்தார். கருங்குழி என்றதும் மக்கள் நினைவுக்கு வருவது தண்ணீரால் விளக்கெரித்த நிகழ்ச்சி. வள்ளலார் வரலாறுகள் யாவும் இதனைக் கூறுகின்றன. நம்புவதும் நம்பாமையும் அவரவர் உளப்பாங்கு. திறனாய்வாளர் கேட்கவேண்டிய வினா வேறு: இக்கதைக்குள் யார் இருக்கின்றனர்?

கதையை ஊன்றி நோக்கினால் அதன் அடித்தளம் ஒரு வீட்டுவேலை என்பது புலனாகும். எண்ணெய்க் கலயம் உடைந்துபோகிறது. வேங்கட ரெட்டியாரின் மனைவி முத்தியாலம்மாள் புதிய மண்கலயம் ஒன்றைப் பழக்குவதற்காக அதில் நீர் நிரப்பி வைக்கிறார். எண்ணெய் என்று கருதி அந்நீரை வள்ளலார் விளக்கில் ஊற்ற, விளக்கு இரவெல்லாம் எரிந்தது என்பது வரலாறு. புதுக்கலயத்தை உடனே புழங்காமல் நீரூற்றிப் பழக்கும் வழக்கம் நம் அடுக்களைகளுக்குரிய நுண்ணறிவு. அவ்வறிவில்லையேல் கதையில் நீருமில்லை. ஒன்பது ஆண்டுகள் விருந்தோம்பி, எண்ணெயும் திரியும் உணவும் தவறாமல் அமைத்த ஓர் இல்லத்தின் உழைப்பு, அற்புதத்தின் ஒளியில் கண்ணுக்குத் தெரியாமற் போகிறது. அம்மையாரின் பெயரும் கலயத்தின் காரணமும் விளக்கவுரையில் இடம்பெற்றால் கதையின் பெருமை குன்றாது. இல்லத்தின் வரலாறு நிறைவுபெறும்.

மறைக்கப்படும் மற்றொன்று கருங்குழியின் நூல் வரலாறு. வள்ளலார் கருங்குழியில் வாழ்ந்த காலத்திலேயே இறுக்கம் இரத்தின முதலியார், புதுவை வேலு முதலியார் முதலிய அன்பர்களுடன் பாடல்களை அச்சிடுவது குறித்த கடிதப் போக்குவரத்து நடைபெற்றது. பாடல்களை வெளியிட அவரிடம் இசைவு பெறுவது எளிதாக இருக்கவில்லை. இசைந்த பின்னும், தம் பெயரை ‘சாமி’ என்னும் ஒட்டுடன் அச்சிடுவது தமக்கு உடன்பாடன்று என்று அவர் எழுதினார். தொழுவூர் வேலாயுத முதலியார் வகுத்த முறைப்படி திருவருட்பாவின் முதல் நான்கு திருமுறைகள் 1867இல் வெளிவந்தன. 1865இல் சங்கம் தொடங்கப்பெற்றதும் இக்காலத்திலேயே. ஆகவே கருங்குழி இல்லம், தமிழ் அச்சுப்பண்பாட்டு வரலாற்றில் ஓர் ஆசிரியர் தம் பெயர் எவ்வாறு அச்சாகவேண்டும் என்று வாதிட்ட காலத்துக்குரிய இடம். அருட்பா–மருட்பா விவாதத்தைப் பாடமாக நடத்தும் நாம், அவ்விவாதத்துக்கு அடிப்படையான நூல் உருவான இந்த வீட்டைப் பாடத்தோடு இணைப்பதில்லை.

தருமச்சாலையும் சித்திவளாகமும்: எரியும் அடுப்பும் மூடிய கதவும்

1867 மே 23ஆம் நாள் வடலூரில் சத்திய தருமச்சாலை தொடங்கப்பெற்றது. பார்வதிபுரம் மக்கள் வழங்கிய ஏறத்தாழ 80 காணி நிலத்தில் அது அமைந்தது. அன்று மூட்டிய அடுப்பு இன்றளவும் அணையாமல் எரிவதாகப் போற்றப்படுகிறது. பசித்தோர்க்கு உணவு இன்றும் வழங்கப்படுகிறது. கட்டடப் பாதுகாப்பின் வழக்கமான அளவுகோல் இங்குப் பொருந்தாது. அடுப்பின் மண்ணும் செங்கல்லும் பன்முறை புதுக்கப்படக்கூடியவை. பழமை அவற்றில் இல்லை. இடையறாத நெருப்பிலும் அதனால் விளையும் சோற்றிலும் உள்ளது. அடுப்பைக் கண்ணாடிக்குள் வைத்துக் காட்சிப்பொருளாக்கி, சோறிடுவதை நிறுத்தினால், பொருள் எஞ்சும், சாலை அழியும்.

மேட்டுக்குப்பம் சித்திவளாகம் இதற்கு மறுதலையானது. 1870 முதல் வள்ளலார் அங்கு உறைந்தார். 1872இல் அருட்பெருஞ்சோதி அகவல் அங்குத்தான் எழுதப்பட்டது. 1874 சனவரி 30ஆம் நாள் அவர் அறைக்குள் சென்று கதவைச் சாத்திக்கொண்டார். பின்னர் வெளிவந்த தென்னார்க்காடு மாவட்டக் கையேடு இந்நிகழ்ச்சியைக் குறித்து, அறை பூட்டியே இருப்பதாகக் கூறியது. 1882இல் வேலாயுத முதலியார் பிரம்மஞான சபையினர்க்கு அளித்த வாக்குமூலமும் அச்சிலுள்ளது. தருமச்சாலையில் இடைவிடாத செயல் மரபாக நிற்கிறது. சித்திவளாகத்தில் கதவைத் திறவாமையே மரபாக நிற்கிறது. தைப்பூசத்தை அடுத்த மூன்றாம் நாள், வடலூரிலிருந்து பேழை கருங்குழி வழியாக மேட்டுக்குப்பத்துக்கு ஊர்வலமாகச் செல்கிறது. திருவறைத் தரிசனம் நிகழ்கிறது. மூன்று ஊர்களையும் இணைத்து மக்கள் நடந்து செல்லும் அவ்வழி, எழுதப்படாத ஒரு பாடத்திட்டம்.

ஞானசபை: ஆவணம் காத்த விதி

ஆவணப் பாதுகாப்பு இடப் பாதுகாப்பாக மாறியமைக்குச் சத்திய ஞானசபை சான்று. 1872 சனவரியில் தைப்பூச நாளில் தொடங்கப்பெற்ற எண்கோணச் சபைக்கு, அதே ஆண்டு சூலையில் வள்ளலார் வழிபாட்டு விதியை எழுதினார். உள்ளே சென்று தூய்மை செய்து விளக்கு வைப்போர் பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டோராகவோ எழுபத்திரண்டு வயதுக்கு மேற்பட்டோராகவோ இருத்தல்வேண்டும் என்பது போன்ற நுண்மையான ஏற்பாடுகள் அதில் உள்ளன. பிற்காலத்தில் சபைக்குள் இலிங்க வழிபாடு முதலிய சடங்குகள் புகுந்தன. அவை நிறுவியவரின் விதிக்கு மாறானவை என 2006இல் அறநிலையத்துறை ஆணையிட்டது. 2010இல் சென்னை உயர் நீதிமன்றம் அதனை உறுதிசெய்தது. ஏறத்தாழ 138 ஆண்டுகள் கழித்து ஒரு தாள் ஒரு கட்டடத்தின் உயிரை மீட்டது எனலாம்.

இவ்வாய்ப்பு எவ்வாறு கிடைத்தது? ஆ. பாலகிருட்டிண பிள்ளை 1931 முதல் 1958 வரை பன்னிரண்டு பகுதிகளாகப் பதிப்பித்த திருவருட்பாவில் பாடல்களோடு உரைநடை, கடிதம், விளம்பரம், அழைப்பு ஆகியவற்றையும் தொகுத்தார். ஊரன் அடிகள் வரலாற்றையும் காலமுறைப் பதிப்பையும் அளித்தார். பதிப்பாசிரியரின் பணி நூலகத்தோடு முடிவதில்லை; கொத்தனார் செய்யமுடியாத பழுதுபார்ப்பை அது செய்கிறது. நினைவிடங்களில் இவ்விதியின் முழு வாசகம் பெரிய எழுத்தில், பொருள் விளக்கத்தோடு வைக்கப்படுமாயின், ஒவ்வொரு பார்வையாளரும் அவ்விடத்தின் காவலராவர்.

பெருவெளி: வெறுமையும் மரபே

2024 பிப்ரவரி 17ஆம் நாள் வடலூரில் வள்ளலார் சர்வதேச மையத்துக்கு அடிக்கல் நாட்டப்பெற்றது. ஏறத்தாழ 100 கோடி ரூபாய் மதிப்பிலான இத்திட்டத்தைச் சபையை ஒட்டிய பெருவெளியில் அமைப்பதைப் பார்வதிபுரம் மக்களும் சன்மார்க்க அன்பர் பலரும் எதிர்த்தனர். விவகாரம் உயர் நீதிமன்றம் வரை சென்றது. ஆதரித்தோர் வாதத்தில் உண்மை உண்டு: பெருகிவரும் மக்களுக்கு வசதியும் கற்றலுக்கு இடமும் தேவை. எதிர்த்தோர் வாதத்தில் ஆழமான மற்றோர் உண்மை உண்டு: வெளி என்பது கட்டடம் வரும்வரை காத்திருக்கும் காலி மனையன்று.

வள்ளலார் சிந்தனையில் வெளி என்னும் சொல் பெறும் இடத்தை அகவலைக் கற்றோர் அறிவர். வெளிக்குள் வெளி என விரியும் அக்கருத்தமைப்பில், சபையைச் சூழ்ந்த திறந்த நிலம் சபையின் உறுப்பாகவே பொருள்படுகிறது. தைப்பூசத்தன்று இலட்சக்கணக்கானோர் எவ்விடத்தில் நின்றும் சோதியைக் காண்பதற்கு அதுவே துணை. மேலும் அந்நிலம் எளிய மக்கள் தம் உடைமையை விட்டுக்கொடுத்த கொடைக்கு எஞ்சிய சான்று. நில அளவைத் தாளில் அதற்கு மதிப்பிடலாம். அக்கொடையை மறுமுறை நிகழ்த்த இயலாது. மையம் தேவை என்பதையும் அது பெருவெளிக்கு வெளியே அமையவேண்டும் என்பதையும் ஒருசேர ஏற்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு.

பொதுக்கல்விக்குச் சில நெறிகள்

மேற்கண்ட ஆய்விலிருந்து மூன்று நெறிகளை முன்வைக்கலாம். முதலாவது, ஒவ்வோர் இடத்திலும் அவ்விடத்துக்கேயுரிய ஆவணம் காட்சிப்படுத்தப்படவேண்டும்: கருங்குழியில் கடிதங்கள், சாலையில் அழைப்பு, சபையில் வழிபாட்டு விதி, மேட்டுக்குப்பத்தில் அகவலின் எழுத்து வரலாறும் மாவட்டக் கையேட்டுக் குறிப்பும். இரண்டாவது, ஆதரித்தோர், உழைத்தோர், நிலம் கொடுத்தோர் பெயர்கள் அறியப்பட்ட அளவில் இடம்பெறவேண்டும். மூன்றாவது, வட்டாரக் கல்லூரிகளின் தமிழ்த்துறைகள் இவற்றைக் களப்பணிப் பாடமாக்கவேண்டும். சுரங்கத்தால் ஊரிழந்த குடும்பங்களின் பிள்ளைகள் பயிலும் வகுப்பில், ஓர் இடம் எவ்வாறு நினைவில் நிலைக்கிறது என்னும் வினா ஏட்டளவில் நில்லாது. தம் வீட்டுக் கதையையும் அவர்கள் எழுதத் தொடங்குவர்.

இங்கு ஓர் எதிர்வாதம் எழக்கூடும். வழிபாட்டு இடத்தை அருங்காட்சியகமாக்குவது அன்பர் உள்ளத்தைப் புண்படுத்தாதா? ஆவணத்தை முன்வைப்பது அற்புதத்தை மறுப்பதாகாது. தம் பெயரோடு ‘சாமி’ என்பதைச் சேர்க்கவேண்டாம் என்றவரின் கடிதத்தைப் படித்த அன்பர், அவரை மேலும் நெருங்குவாரேயன்றி விலகார்.

முடிவுரை

நினைவில்லம் காத்தல் என்பது பழுது நீக்கி வண்ணம் பூசுவதோடு நிறைவதில்லை. வடலூர் வட்டாரத்தில் நான்கு இடங்கள் நான்கு வேறு பாதுகாப்பு முறைகளை வேண்டி நிற்கின்றன. கருங்குழி முழுமையான கதையை வேண்டுகிறது. தருமச்சாலை தொடரும் செயலை வேண்டுகிறது. சித்திவளாகம் திறவாமையை வேண்டுகிறது. ஞானசபை தன் விதியையும் தன்னைச் சூழ்ந்த வெளியையும் வேண்டுகிறது. இவ்வேறுபாட்டை உணராமல் எல்லாவற்றையும் ஒரே வகையான சுற்றுலா இடமாக்குவது, காப்பதன் பெயரால் இழப்பதாகும். பதிப்பாசிரியர்கள் தாளில் காத்துத் தந்ததைத் தலத்தில் கற்பிக்கும் பொறுப்பு இன்றைய ஆய்வாளர்க்கும் ஆசிரியர்க்கும் உரியது. அப்பணியைக் கருங்குழி இல்லத்தின் கடிதங்களிலிருந்தும், முத்தியாலம்மாளின் மண்கலயத்திலிருந்தும் தொடங்கலாம்.