வழுக்கைத் தலை வீரனும் நண்பகல் பேயும்

படிக்காத நூலைப் பழித்துப் பேசுவது மறையுரையாளரை எளிதில் பற்றிக்கொள்ளும் குற்றம். நாமும் அதைச் செய்தோம். ஜப்பானியப் படக்கதைகள் இளையோரின் நேரத்தையும் நெஞ்சையும் கெடுக்கின்றன என்று ஒரு ஞாயிறன்று முழங்கிவிட்டு வெளியே வந்தபோது, மறைக்கல்வி முடித்த இளைஞன் ஒருவன், "ஃபாதர், அதுல ஒண்ணாவது படிச்சிருக்கீங்களா?" என்று பணிவாகவே கேட்டான். நம்மிடம் விடையில்லை. மறுவாரம் 'ஒன் பஞ்ச் மேன்' என்னும் தொடரின் முதல் சில தொகுதிகளை, ஆங்கில மொழிபெயர்ப்பில், நம் கையில் தந்துவிட்டுப் போனான்.

இரும்புக்கை மாயாவியோடு வளர்ந்த நமக்குப் படக்கதை புதிதன்று; மங்கா புதிது. முதற்பக்கம் என்று திறந்தது கடைசிப் பக்கமாய் இருந்தது. வலமிருந்து இடமாக வாசிக்க வேண்டும் என்பது விளங்கும்வரை, கேள்விக்கு முன்னே விடையும், குத்துக்கு முன்னே வீழ்ச்சியுமாக ஒரே குழப்பம். ஐம்பதைக் கடந்த கண்களுக்கு இரண்டு மாலைகள் தேவைப்பட்டன.

'ஒன்' என்னும் புனைபெயர் கொண்டவர், ஓவியப் பயிற்சி அதிகமில்லாத கையால் 2009இல் இணையத்தில் வரையத் தொடங்கிய கதை இது. ஏற்கெனவே புகழ்பெற்றிருந்த ஓவியர் யூசுக்கே முராதா 2012 முதல் இதை மறுபடி வரைந்து வருகிறார். கதை ஒரு வரிதான். வேலை கிடைக்காத சைத்தாமா என்னும் இளைஞன் ஒரு சிறுவனை நண்டு மனிதனிடமிருந்து காப்பாற்றுகிறான். வீரனாக வேண்டுமென்று மூன்று ஆண்டுகள் உடலை வருத்துகிறான். தலைமுடி முழுதும் உதிர்ந்துபோகிறது. எந்த அரக்கனையும் ஒரே குத்தில் வீழ்த்தும் வலிமை வந்துவிடுகிறது. அந்த வலிமையின் இரகசியம் என்ன தெரியுமா? நாள்தோறும் நூறு தண்டால், நூறு பஸ்கி, வயிற்றுக்கு நூறு பயிற்சி, பத்துக் கிலோமீட்டர் ஓட்டம். இதைக் கேட்ட சீடன் ஜெனோஸ் சினங்கொள்கிறான். நம் குருமடத்து ஆன்மிகத் தந்தையர் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார்கள்!

வலிமை வந்ததும் வேறொன்று போய்விடுகிறது. நகரையே தரைமட்டமாக்கும் அரக்கன் முன்னே நிற்கிறான். சைத்தாமாவுக்கு அச்சமில்லை, ஆவலில்லை, சினமுமில்லை. வண்டு உருவ அரக்கனோடு மோதும் வேளையில் அவனை உலுக்குவது, இன்று சனிக்கிழமை, சூப்பர் மார்க்கெட்டில் தள்ளுபடி விற்பனை நாளாயிற்றே என்ற நினைவு! ஓர் இரவு, பாதாளவாசிகள் தன்னை அடித்துக் குருதி சிந்த வைப்பதாகக் கனவு காண்கிறான். கனவில் அவன் முகத்தில் அத்தனை மகிழ்ச்சி. விழித்து வெளியே ஓடினால் உண்மையாகவே பாதாளவாசிகள் வந்திருக்கிறார்கள். ஒரே குத்து, மன்னன் மாய்கிறான், படை பின்வாங்குகிறது. அவன் மறுபடி தனியே நிற்கிறான்.

நாம் வாய்விட்டுச் சிரித்தோம். சிரித்து முடித்தபின் நான்காம் நூற்றாண்டின் எகிப்தியப் பாலைநிலம் நினைவுக்கு வந்தது. துறவி எவாக்ரியுஸ் அங்கே 'நண்பகல் பேய்' என்ற ஒன்றைப் பற்றி எழுதினார். அது வந்தால் கதிரவன் நகர்வதே இல்லை, நாள் நீளுகிறது, துறவி சாளரத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார், செய்துவந்த நற்பணி சுவையற்றுப் போகிறது. தலையான பாவங்கள் ஏழனுள் இதை நாம் 'சோம்பல்' என்று மனப்பாடம் செய்தோம். அச்சொல் போதாது. சோம்பேறி வேலை செய்யமாட்டான். சைத்தாமாவோ ஒருநாளும் பணியை விட்டவனல்லன். புனித தாமஸ் அக்குவினாஸ் இப்பாவத்தை அன்பிலிருந்து பிறக்கும் மகிழ்ச்சிக்கு எதிராக வைத்தது சும்மா அன்று.

இந்த இடத்தில் நம்மால் வெறும் விமர்சகராக இருக்க இயலவில்லை. ஒரே மாதத்தில் நான்கு அடக்கச் சடங்குகளை நடத்திய காலம் ஒன்று நமக்கு உண்டு. நான்காவது கல்லறையருகே செபங்களைப் பிழையின்றிச் சொல்லி முடித்தோம். இறந்தவரின் மகள் நம் கையைப் பற்றிக்கொண்டு அழுதார். மாலைத் திருப்பலிக்கு எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று நம் மனம் கணக்கிட்டுக்கொண்டிருந்தது.

முராதாவின் தூரிகை இதை வசனமின்றிச் சொல்கிறது. அரக்கனின் ஒவ்வொரு செதிலும், இடிந்த ஒவ்வொரு கட்டடமும் மை கொட்டி நுணுக்கமாய் வரையப்பட்டிருக்க, நடுவில் சைத்தாமாவின் முகம் மட்டும் குழந்தை வரைந்த முட்டைபோல், இரண்டு புள்ளிக் கண்களோடு இருக்கிறது. அந்த முகத்தின் வெறுமைக்காகவே இந்நூலைக் கலை என்போம்.

ஆயினும் நம் உள்ளங்கவர்ந்தவன் வேறொருவன். முமென் ரைடர் என்று பெயர். உரிமம் இல்லாத ஓட்டி என்று பொருள்படும் சிலேடை. வாகனம் மிதிவண்டி. வீரர் சங்கத்தின் கடைசி வகுப்பைச் சேர்ந்தவன். கடலரசன் என்னும் அரக்கனிடம் பெரிய வீரர்களெல்லாம் வீழ்ந்தபின், கொட்டும் மழையில் இவன் வந்து நிற்கிறான். வெல்ல இயலாது என்பது அவனுக்கே தெரியும். ஆயினும் மோதுகிறான், வீழ்கிறான், எழுகிறான், மறுபடி வீழும்போது சைத்தாமா தாங்கிக்கொள்கிறான். அதன்பின் அதே ஒரே குத்து. அப்போது கூட்டத்தில் ஒருவன், "அப்படியானால் முன்னே தோற்ற வீரர்கள் வெறும் கோழைகளா?" என்னும் போக்கில் ஏளனம் செய்கிறான். சைத்தாமா உரக்கச் சிரித்து, அவர்கள் அரக்கனை முன்பே களைக்க வைத்துவிட்டார்கள், கடைசியில் வந்த எனக்கு அதிர்ஷ்டம் என்று பொய் சொல்கிறான். அடிபட்டுக் கிடப்பவர்களின் மானம் காக்கப்படுகிறது. அவனுக்கோ ஏமாற்றுக்காரன் என்ற பெயர் கிட்டுகிறது. இங்கே கிறிஸ்துவின் சாயலைக் காட்டி மறையுரையை முடிக்க நம் கை துடித்தது, அடக்கிக்கொண்டோம். சைத்தாமா மீட்பரல்லன். தோற்கக்கூடிய ஒருவனைக் கண்டபின் சற்றே விழித்துக்கொண்டவன், அவ்வளவே.

குறைகளும் உண்டு. பெண் வடிவ அரக்கியை வரைந்த விதத்தில் கண்ணியம் குறைவு. குருதியும் சிதறும் உடல்களும் சிறுவர்க்கு ஆகா. நகைச்சுவை ஒன்றேயானதால், சைத்தாமா இல்லாத இடங்களில் மற்றவர்களின் மோதல்கள் பக்கம் பக்கமாய் நீண்டு அலுக்கின்றன. பதினைந்து வயதுக்குக் கீழ்ப்பட்டோர் கையில் இதைக் கொடுக்குமாறு எந்தப் பெற்றோர்க்கும் சொல்லமாட்டோம்.

நூல்களைத் திருப்பித் தந்தபோது, எது பிடித்தது என்று அவன் கேட்டான். மழைப் பக்கத்தைத் திறந்து காட்டினோம். மறையுரையில் சொன்னவற்றுள் பாதியைத் திரும்பப் பெறுகிறோம் என்றோம். "எந்தப் பாதி, ஃபாதர்?" என்றான். அடுத்த தொகுதிகளைக் கேட்டு வாங்கிக்கொண்டோம்.