முத்து முத்தாய் நிற்கும் தண்ணீர்

புதுக்காருக்கு முன்பணம் கட்டும்போது ஷோரூமில் காட்டும் வீடியோ அநேகமாக ஒன்றுதான். பானெட்டின் மேல் தண்ணீர் தெளிக்கிறார்கள். அது முத்து முத்தாய் உருண்டு நிற்கிறது. "செராமிக் கோட்டிங் சார், பெயிண்டைப் பத்தி அஞ்சு வருஷத்துக்குக் கவலையே வேண்டாம்" என்கிறார் விற்பனையாளர். அந்தத் தொகையையும் மாதத் தவணையோடு சேர்த்துவிட்டால் கனம் தெரிவதில்லை. விருதுநகரிலோ சாத்தூரிலோ சிவகாசியிலோ கார் எடுப்பவர் கையெழுத்துப் போடுமுன் ஒன்றைக் கேட்க வேண்டும்: வீடியோவில் நிற்பது எந்த ஊர்த் தண்ணீர்? நம் ஊர் போர்த் தண்ணீர் அப்படி நின்று காய்ந்தால் அங்கே என்ன மிஞ்சும்?

பூச்சுகளை அவற்றின் விளம்பரத்தை வைத்து எடைபோட்டால் எல்லாமே தேறிவிடும். இந்தக் கரிசல் மண்ணில் பெயிண்டைக் கெடுப்பவை எவை என்று பார்த்து, அவற்றுக்கு எதிரே ஒவ்வொன்றையும் நிறுத்திப் பார்ப்பதே நேர்மையான சோதனை.

முதலில், காக்க வேண்டிய பொருள் எவ்வளவு என்று தெரிய வேண்டும். தகட்டின் மேல் பாஸ்பேட் பூச்சு, மின்சாரத்தால் ஏற்றும் அடிப்பூச்சு, பிரைமர், நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமற்ற கிளியர் கோட் என்பது இன்றைய கார்களின் பொதுவான அடுக்கு. எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 100 முதல் 130 மைக்ரான். இரண்டு தலைமுடிகளைச் சேர்த்து வைத்த கனம். அதில் கிளியர் கோட் 35 முதல் 50 மைக்ரான்தான். பளபளப்பு அதில்தான் இருக்கிறது. வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் வேதிப்பொருளும் அதில்தான் கலந்திருக்கிறது. கீறல் போக மெஷின் பாலிஷ் போடும் ஒவ்வொரு முறையும் சில மைக்ரான் தேய்ந்து போகிறது. போனது திரும்ப வளராது. ஆகவே ஒரு பராமரிப்பு முறை நல்லதா கெட்டதா என்பதற்கு அளவுகோல் ஒன்றுதான்: பத்து ஆண்டு கழித்து இந்த 40 மைக்ரானில் எவ்வளவை அது மிச்சம் வைக்கும்?

இந்த வட்டாரத்தின் முதல் எதிரி தூசி. சாத்தூர், விருதுநகர், அருப்புக்கோட்டை பக்கத்துக் கரிசல் காய்ந்தால் மாவாகப் பறக்கும். ஆடியில் மேற்குத் தொடர்ச்சி மலைக் கணவாய்களின் வழியே இறங்கும் காற்று அதை வாரி வீடு வீடாகக் கொண்டுவந்து போடும். அந்தத் தூசியில் குவார்ட்ஸ் மணல் துகளும் உண்டு. மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸின் கடினம் 7; சன்னல் கண்ணாடியே ஐந்தரையைச் சுற்றித்தான் நிற்கிறது. தூசி படிந்து கிடக்கும்வரை கிளியர் கோட்டுக்குப் பெரிய கேடில்லை. அதன் மேல் துணி போடும்போதுதான் கேடு தொடங்குகிறது. காலையில் வாசல் தெளிக்கிற நேரத்தில் வாட்ச்மேன் ஒரு வாளித் தண்ணீரில் பனியன் வேஸ்டை நனைத்து மூன்று கார்களைத் துடைக்கிறாரே, அந்தத் துடைப்பின் வட்டவட்டமான தடங்கள்தான் கறுப்பு பானெட்டில் வெயில் படும்போது சிலந்தி வலையாகத் தெரிபவை. கலர் கலராகத் தொங்கும் தூசி தட்டும் பிரஷும் இதே வேலையைத்தான் செய்கிறது.

இரண்டாம் எதிரி தண்ணீர். ஆர்.ஆர். நகரிலும் ஆலங்குளத்திலும் சிமெண்ட் ஆலைகள் அமைந்ததற்குக் காரணமான சுண்ணாம்புக்கல்தான் பல இடங்களில் நிலத்தடி நீரையும் கடினமாக்குகிறது. குடிநீருக்கான இந்தியத் தரம் 10500, மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கிறது. வேறு வழியே இல்லாத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்கிறது. நாம் நல்ல தண்ணியைக் குடிக்க எடுத்து வைத்துவிட்டு, வாய்க்கு ஆகாது என்று ஒதுக்கிய உப்புத்தண்ணியில் காரைக் கழுவுகிறோம். 600 மில்லிகிராம் கடினத்தன்மையுள்ள தண்ணீர் ஒரு லிட்டர் காய்ந்தால் அரை கிராமுக்கு மேல் உப்புப் படிவு மிஞ்சும். வெயிலில் சுட்ட தகட்டில் அது வெள்ளை வளையமாக இறுகுகிறது. புதிதாக இருக்கும்போது தண்ணீர் கலந்த வினிகர் அதைக் கரைத்துவிடும். வாரக்கணக்கில் விட்டால் வளையம் கிளியர் கோட்டிலேயே தடமாகிவிடும். அதை எடுக்க பாலிஷ்தான் வழி, அதாவது மறுபடியும் மைக்ரான் கணக்கு.

மூன்றாவது, பட்டாசு. வெளியூர்க் கார் பராமரிப்புக் குறிப்புகளில் இதைப் பார்க்க முடியாது. வெடியில் எரியும் அலுமினியத் தூள் அலுமினிய ஆக்சைடாக மாறுகிறது. பாலிஷ் பசையிலும் உப்புத்தாளிலும் உராய்பொருளாகச் சேர்ப்பதும் அலுமினிய ஆக்சைடுதான். கந்தகமும் வெடியுப்பும் எரிந்த சாம்பலில் ஈரத்தை இழுக்கும் உப்புகள் இருக்கின்றன. கம்பி மத்தாப்பிலிருந்தும் புஸ்வாணத்திலிருந்தும் தெறிக்கும் பொறியில் எரியும் இரும்புத் துகள் உண்டு; அது கிளியர் கோட்டில் சுட்டுப் பதிந்து, பின்பு துருப்பிடித்துச் செம்புள்ளியாகும். 2018-ல் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளுக்குத் தடை விதித்து, பசுமைப் பட்டாசுக்கு மட்டும் வழிவிட்டது. அதனால் புகை குறைந்திருக்கலாம், அலுமினியமும் குறைந்திருக்கலாம், ஒழிந்துவிடவில்லை. தீபாவளி வடகிழக்குப் பருவமழையோடு சேர்ந்து வருவதால், இரவில் விழுந்த சாம்பலும் சரவெடியின் சாயக் காகிதமும் விடியும்போது நனைந்து கிடக்கும். மறுநாள் காலையில் உலர்ந்த துணியால் அதைத் துடைப்பவர் தம் காருக்குத் தாமே கணக்கில்லாமல் பாலிஷ் போடுகிறார்.

காக்கை எச்சமும் வெயிலும் எல்லா ஊருக்கும் பொது. எச்சத்தில் உள்ள நொதிகள் சூட்டில் வேகமாக வேலை செய்யும். சித்திரை வெயிலில் கறுப்புத் தகடு 70 டிகிரி வரை சுடும்போது அரை நாள் போதும், தடம் விழுந்துவிடும். கடற்கரை உப்பு மட்டும் நமக்கு இல்லை. தூத்துக்குடிக்காரர் துருவுக்குப் பயப்பட வேண்டிய அளவு விருதுநகர்க்காரர் பயப்பட வேண்டியதில்லை. துருவைக் காட்டி இங்கே விற்கப்படும் எதையும் இரண்டு தடவை யோசித்தே வாங்க வேண்டும்.

இனி விற்பனைக்கு இருப்பவை. ஷோரூம்களில் பல ஆண்டுகளாக ஓடுவது டெஃப்லான் கோட்டிங். டெஃப்லான் எனும் பி.டி.எஃப்.இ. உருகவே 327 டிகிரி செல்சியஸ் வேண்டும். நான்ஸ்டிக் தோசைக்கல்லில் அது பிடிப்பது அத்தகைய சூட்டில் ஏற்றுவதால்தான். காரின் கிளியர் கோட் ஆலையில் 140 டிகிரி அளவில் சுடப்படுகிறது. துணியால் தேய்த்து ஏற்றும் பசையில் டெஃப்லான் இருந்தாலும் அது தகட்டைப் பிடித்துக்கொள்ளக் காரணமில்லை. கிடைப்பது அந்தப் பசையில் உள்ள மெழுகின் பளபளப்பு, சில வாரங்களுக்கு. இதைத் தயங்காமல் தள்ளிவிடலாம்.

பிரேசில் நாட்டுப் பனை ஒன்றின் இலையிலிருந்து எடுக்கும் கார்னௌபா மெழுகு நிறத்துக்கு ஆழம் கொடுக்கும். 82 முதல் 86 டிகிரியில்தான் உருகும் என்றாலும், அந்த மெழுகு நம் கோடையில் வெயிலில் நிற்கும் காரில் நீடிக்காது. அழகுக்குச் சரி, காவலுக்குப் போதாது. செயற்கைப் பாலிமர் சீலண்ட் பார்க்க அவ்வளவு கவர்ச்சியில்லை. ஆனால் சில நூறு ரூபாயில் வாங்கி, வீட்டிலேயே அரை மணி நேரத்தில் பூசினால் சில மாதம் நிற்கிறது. எச்சத்துக்கும் சாம்பலுக்கும் எதிரே கொஞ்சம் நேரம் வாங்கித் தருகிறது.

செராமிக் கோட்டிங்குக்கு உரிய மதிப்பைக் கொடுத்தே ஆக வேண்டும். சிலிக்கா அடிப்படையிலான அந்தப் படலம் நன்றாக ஏற்றினால் இரண்டு மூன்று ஆண்டு நிற்கும். அமிலமும் காரமும் அதை எளிதில் தொடாது. தூசி ஒட்டுவது குறையும், கழுவுவது எளிதாகும். ஆனால் படலத்தின் கனம் ஓரிரு மைக்ரான்தான். அட்டையில் எழுதியிருக்கும் "9எச்" பென்சில் கீறல் சோதனையின் எண்; மோஸ் அளவுகோலின் 9 என்று நினைத்துக்கொண்டால் ஏமாற்றமே. பென்சிலை வென்ற படலம் குவார்ட்ஸ் மணலை வெல்லாது. முதல் எதிரிக்கு எதிரே செராமிக் இப்படித் தோற்கிறது.

இரண்டாம் எதிரியிடம் நிலைமை இன்னும் சங்கடமானது. பூச்சில்லாத தகட்டில் தண்ணீர் பரந்து வழிந்துவிடும். செராமிக் தகட்டில் முத்தாகத் திரண்டு நிற்கும். சரிந்த பக்கங்களில் உருண்டு ஓடிவிடும் என்பது உண்மை. சமதளமான கூரையிலும் பானெட்டிலும் நின்றுவிடும் துளிகள் ஒவ்வொன்றும் தன் உப்பு முழுவதையும் ஒரே புள்ளியில் இறக்கிவிட்டுக் காய்கிறது. மென்னீர் உள்ள ஊரில் எடுத்த வீடியோவில் இது தெரியாது. நம் ஊரில் விற்பனைக் காட்சியே குறையின் காட்சி. செராமிக் போட்டவர் கழுவியதும் துளி மிச்சமில்லாமல் ஒற்றி எடுத்தாக வேண்டும். போடாதவரைவிட அவருக்கு வேலை கூடுதல். உத்தரவாதத் தாளைப் படித்தால், குறித்த காலத்தில் அவர்களிடமே பணம் கட்டிப் பராமரிப்பு செய்ய வேண்டும் என்றும், தண்ணீர்க் கறை உத்தரவாதத்தில் சேராது என்றும் இருக்கக்கூடும். கையெழுத்துக்கு முன் அந்த இரண்டு வரியையும் தேடிப் பாருங்கள்.

கீறலையும் கல்லடியையும் உண்மையாகவே தாங்குவது பி.பி.எஃப். எனும் பாலியூரித்தேன் படலம் ஒன்றுதான். அதன் கனம் 150 முதல் 200 மைக்ரான், அதாவது மொத்தப் பெயிண்டையும்விட அதிகம். லேசான கீறல் வெயிலிலேயே மறைந்துவிடும். கார் முழுக்க ஒட்டினால் சிறிய காரின் விலையில் கணிசமான பங்காகிவிடும் என்பதும், ஆண்டுகள் போனால் விளிம்பில் அழுக்கு ஏறும், மலிவான படலம் மஞ்சளிக்கும் என்பதும் இன்னொரு பக்கம். மதுரைக்கும் கோவில்பட்டிக்கும் நான்குவழிச் சாலையில் தினமும் லாரிகளின் பின்னால் ஓடுபவர் முன் பம்பர், பானெட்டின் முன்பகுதி, கதவுக் கைப்பிடிக் குழிகள் ஆகியவற்றுக்கு மட்டும் ஒட்டிக்கொள்வது நியாயமான செலவு. ஊருக்குள் ஓடும் காருக்கு அதுவும் வேண்டாம்.

கார் கவர்? தூசி படிந்த காரின் மேல் கவர் போட்டு ஆடிக் காற்றில் நிறுத்தினால், இரவு முழுக்க ஆளில்லாமல் துடைப்பு நடக்கும். தீபாவளி இரவில் இன்னும் மோசம்: பொறி பட்ட செயற்கைத் துணி உருகித் தகட்டில் ஒட்டும். நிழலுக்குக் கீற்றுக் கொட்டகையும் சிவகாசிப் பக்கம் ஆகாது. ராக்கெட் எங்கே இறங்கும் என்று யாருக்கும் தெரியாது. தகரக் கூரையோ போர்ட்டிகோவோ அமைந்தால் எந்தக் கோட்டிங்கையும்விட அது மேல். வெயில், எச்சம், பொறி மூன்றையும் ஒருசேரத் தடுப்பது அது மட்டுமே.

ஆக, கீறலும் உப்புக்கறையும் கழுவும் முறையில்தான் தீர வேண்டியிருக்கிறது. மழைக் காலத்தில் சக்கரத்திலும் பக்கவாட்டிலும் அப்பும் கரிசல் சேற்றைக் கையால் துடைக்கவே கூடாது. வாட்டர் சர்வீஸுக்குப் போய், "தம்பி, துணி போட வேண்டாம், தண்ணி மட்டும் அடிச்சு விடுங்க" என்று சொல்லிவிட வேண்டும். அங்கே பிரஷர் தண்ணீர் நல்லது; முந்தின காரின் மண்ணோடு வரும் துணிதான் கெட்டது. தூசி மட்டுமே படியும் மற்ற மாதங்களுக்கு, அலச வேண்டாத ஷாம்பூ பொருத்தம். பத்து லிட்டர் தண்ணீரில் சிறிது கலந்து, முதலில் தெளித்து ஊறவைத்து, பல மடிப்பு மைக்ரோஃபைபர் துணியால் ஒவ்வொரு பகுதிக்கும் புது மடிப்பாக, அழுத்தாமல் நேர்கோட்டில் எடுக்க வேண்டும். பத்து லிட்டர் என்றால் நல்ல தண்ணியிலேயே செய்துவிடலாம். கட்டாயமாக உப்புத்தண்ணியில் கழுவ நேர்ந்தால், கடைசி அலசலுக்கு ஏ.சி.யிலிருந்து சொட்டிய தண்ணீரையோ, முதல் மழையை விட்டுவிட்டுப் பிடித்த மழைநீரையோ வடிகட்டி ஊற்றலாம். இரண்டிலும் சுண்ணாம்பு மிகக் குறைவு. 2003-ல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது கட்டிய தொட்டிக்கு இப்படியும் ஒரு பயன். துணி துவைக்கும் பவுடர் கிளியர் கோட்டைத் தின்றுவிடும் என்பது மிகை; ஆனால் பூசிய சீலண்டைக் கழற்றிவிடும், அதனால் வேண்டாம்.

எதிர்த்தரப்புக்கு வலுவான ஒரு வாதம் உண்டு. வெள்ளைக் காரில் சுழல்கீறல் கண்ணுக்கே படாது; ஏழெட்டு வருஷத்தில் விற்கப்போகும் காருக்கு இத்தனை பாடு எதற்கு? இந்த வாதத்தை நான் பாதி ஏற்கிறேன். வெள்ளை, சில்வர் கார்களுக்குச் செராமிக்கோ பி.பி.எஃபோ போட்ட பணம் விற்கும்போது திரும்பி வரும் என்று நம்ப இடமில்லை. ஆனால் அதே வாதம் சரியாகக் கழுவுவதை வீழ்த்தவில்லை. அதற்கு ஆகும் செலவு நான்கு மைக்ரோஃபைபர் துணியும் ஒரு ஷாம்பூ பாட்டிலும்தான்; தண்ணீரும் மிச்சம். பல நாளுக்கு ஒருமுறை குடிநீர் வரும் தெருவில் குழாயைத் திறந்துவிட்டுக் கார் கழுவாமல் இருப்பதே தனி நியாயம்.

என் தீர்ப்பு இது. டெலிவரிக்கு முன் காரைக் கழுவித் துடைத்துத் தர வேண்டாம் என்று ஷோரூமில் எழுதிக் கொடுங்கள். பல காரின் முதல் கீறல் அங்கேதான் விழுகிறது. கோயில் வாசலில் பூசை போடும்போது சந்தனமும் குங்குமமும் கண்ணாடியில் இருக்கட்டும், பெயிண்டில் வேண்டாம். ஆலையில் சுட்ட பெயிண்ட் ஏற்கெனவே இறுகியிருக்கும், ஆகவே சீலண்டை முதல் வாரமே பூசலாம். ஒரு மாதம் பொறுக்க வேண்டும் என்பது பட்டறையில் மறுபடி அடித்த பெயிண்டுக்கான விதி. தீபாவளிக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு முறை சீலண்ட், எச்சம் கண்ட அன்றே ஈரத்துணி ஒற்றல், வெயில் தாழ்ந்த பிறகே கழுவல். தினமும் துடைப்பவருக்குச் சம்பளம் கொடுங்கள், துடைக்க மட்டும் விடாதீர்கள். கூரையும் உண்டு, தன் கையால் கழுவி ஒற்றி எடுக்கும் பொறுமையும் உண்டு, நிறமும் கறுப்பு என்பவர் செராமிக் போட்டுக்கொள்ளட்டும். அவருக்கு அது பலன் தரும். மற்றவர்கள் ஷோரூமில் கேட்கும் தொகையில் ஒரு பங்கை நல்ல துணிக்கும் மீதியைப் போர்ட்டிகோவுக்குத் தகரம் போடவும் செலவழித்தால், பத்தாம் ஆண்டில் அவர்கள் காரில்தான் அதிக மைக்ரான் மிஞ்சியிருக்கும்.