கொலுவில் ஒரு ரயில்

அமெரிக்காவில் ஹாலோவீனுக்குப் பேய் வீடு, கல்லறை என்று குட்டி ஊர் அமைத்து, நடுவே ரயில் விடுவார்கள். ரயில் மாடல்காரர்களின் பிரபலமான கணக்கு 1:87. ஐந்தரை அடி ஆசாமி இரண்டு சென்டிமீட்டரைத் தொட மாட்டார்.

நம் கொலு பார்க்கில் இதெல்லாம் செல்லாது. காஞ்சிபுரத்துக் காகிதக்கூழ் செட்டியார் ரயில் எஞ்சினைவிட உயரம். இருக்கட்டுமே! என் புகார் வேறு. கல்யாணம், கிரிக்கெட் எல்லாமே 'செட்'. 2019இல் தரிசனம் தந்த அத்திவரதர்கூட அந்த நவராத்திரிக்கே பொம்மையாகிப் படியேறிவிட்டார். படியில் செட் வையுங்கள், சரி. கீழே பார்க்கை மட்டும் கடையில் வாங்காதீங்க. தட்டில் மண் பரப்பி, ஒரு வாரம் முன்னால் கேழ்வரகு தூவினால் வயல். கண்ணாடித் துண்டு தெப்பக்குளம். அதைச் சுற்றித் தண்டவாளம். மற்றதைப் பசங்க பார்த்துக்குவாங்க. முதல் நாளே ரயில் குளத்தில் கவிழும்.